விகாத்தா பொலிஸ் நிலையத்தில் ஒரு மொழிப்பாடம்



துப்பறியும் கதை என்றதும் முகஞ்சுளிக்கும் இலக்கிய அன்பர்கள் நம்மிடையே இன்னமும் இருக்கிறார்கள். நானும் நெடுங்காலம் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன். அப்படிப்பட்ட நான், தமிழாசிரியனாக ஓய்வு பெற்ற பின்னர், அறுபத்தெட்டாவது வயதில், ஓர் இத்தாலியப் பொலிஸ் அதிகாரியின் முன்னால் கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்து மொழி படித்தேன். அந்த அனுபவத்தையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்த அதிகாரியின் பெயர் சல்வோ மொன்தல்பானோ. அவர் கற்பனைப் பாத்திரம். அவர் கடமையாற்றும் விகாத்தா என்ற ஊரும் கற்பனை ஊரே. ஆனால் இத்தாலியின் தென்கோடியிலுள்ள சிசிலித் தீவுக்கு இன்று போகிறவர்கள் அவருடைய வீடு எங்கே என்று விசாரித்துப் போய்ப் பார்க்கிறார்கள்.

நான் இத்தாலிய மொழி படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் இலக்கிய ஆர்வம் அன்று. சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் 1980கள் முதல் நம்மவர்கள் குடியேறி வாழ்ந்து வருவதை நேயர்கள் அறிவீர்கள். அந்த நகரின் காவற் புனிதையான சாந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு நமது கத்தோலிக்கர்கள் மட்டுமன்றிச் சைவர்களும் நேர்த்தி வைத்து ஏறிப்போகிறார்கள். என் மகள் குடும்பமும் அங்கேதான் வாழ்கிறது. அவளுடைய மகள், என் பேத்தி, அங்கேயே பிறந்தவள். நாங்கள் தொலைபேசியில் கதைக்கும்போது நான் தமிழில் கேட்பேன். அவள் இத்தாலியனில் பதில் சொல்வாள். மகள் நடுவில் நின்று மொழிபெயர்ப்பாள். மகள் வேலைக்குப் போய்விட்டால் எங்கள் இருவருக்கும் இடையே சிரிப்பு மட்டுமே மிஞ்சும்.

அவளுடைய எட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து மடல் அனுப்பினேன். படித்த இத்தாலியனைக் காட்டும் ஆசையில், 'உன் தாத்தா' என்பதை அந்த மொழியிலேயே எழுதிக் கையொப்பமிட்டேன். மடல் கிடைத்த அன்று தொலைபேசியில் ஒரே சிரிப்பு. "அப்பா, நீங்கள் ஒன்பதாவது ஆள் எண்டு எழுதியிருக்கிறியள். மற்ற எட்டுப் பேரும் எங்கை எண்டு பிள்ளை கேக்கிறாள்" என்றாள் மகள். இத்தாலியனில் 'நொன்னோ' என்றால் தாத்தா. 'நோனோ' என்றால் ஒன்பதாவது. நான் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டேன்.

இந்தப் பிழையைக் கேட்ட மகள், பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இதைப் பாருங்கள் என்று ஊருக்கு வந்த ஒருவரிடம் சில இறுவட்டுகளைக் கொடுத்தனுப்பினாள். அவைதாம் 'கொமிஸ்ஸாரியோ மொன்தல்பானோ' என்ற தொலைக்காட்சித் தொடர்.

தொடரும் அதன் ஆசிரியரும்

இத்தாலிய அரச ஒளிபரப்பு நிறுவனமான ராய் இத்தொடரை 1999 ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கி 2021 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முடித்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் வெளிவந்தவை 37 படங்களே. ஒவ்வொன்றும் ஒரு முழுநீளத் திரைப்படம் போன்றது. நாயகனாக நடித்தவர் லூக்கா ட்சிங்கரெத்தி. அவர் ரோம் நகரத்தவர். சிசிலிப் பேச்சு அவருக்கும் கற்றுக்கொண்ட பேச்சே என்று அறிந்தபோது எனக்கு ஓர் ஆறுதல் பிறந்தது.

மூலக்கதைகளை எழுதியவர் அன்ட்றேயா கமில்லேரி. 1925 ஆம் ஆண்டு சிசிலியின் தென்கரையில் உள்ள போர்த்தோ எம்பேதொக்லே என்ற துறைமுக ஊரிற் பிறந்தவர். நாடக நெறியாளராகவும் தொலைக்காட்சித் தயாரிப்பாளராகவும் நாடகக் கல்லூரி ஆசிரியராகவும் பணிபுரிந்தவர். பின்னாளில் மொன்தல்பானோவாக நடித்த ட்சிங்கரெத்தி அக்கல்லூரியில் அவரிடம் பயின்ற மாணவரே. முதலாவது மொன்தல்பானோ நாவல் 'தண்ணீரின் வடிவம்' என்ற பொருள்படும் தலைப்புடன் 1994 இல் பலெர்மோவின் செல்லேரியோ பதிப்பகத்தினால் வெளியிடப்பட்டது. அப்போது கமில்லேரிக்கு வயது அறுபத்தெட்டு. நான் இத்தாலியன் படிக்கத் தொடங்கிய அதே வயதில் அவர் புகழின் வாசலில் நின்றார். 2019 ஜூலையில் அவர் காலமானார். கடைசி ஆண்டுகளிற் பார்வையை இழந்திருந்தபோதும், சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத, அவருடைய நூல்கள் வந்துகொண்டேயிருந்தன.

காதுக்கு வந்த முதற்பாடம்

முதலில் ஆங்கில எழுத்துவரிகளின் துணையுடன் பார்த்தேன். கதை நன்றாக விளங்கியது. ஆனால் மொழி ஒரு சொல்லும் ஏறவில்லை. கண் ஆங்கிலத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது காது தூங்கிவிடுகிறது. பின்னர் ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். முதலில் பத்து நிமிடப் பகுதியை எழுத்துவரி எதுவுமின்றிப் பார்ப்பேன். அடுத்து அதே பகுதியை இத்தாலிய எழுத்துவரிகளுடன் பார்ப்பேன். மூன்றாந் தடவை மறுபடியும் எழுத்தின்றிப் பார்த்து, காதிற் புதிதாக விழுந்தவற்றைக் கொப்பியில் எழுதுவேன். ஒரு படத்தை முடிக்க எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. கொலைகாரன் யார் என்று தெரிந்த பின்னரும் படம் பார்க்கச் சலிப்பதில்லை. பேச்சில் உள்ள மர்மம் அதற்குள் துலங்கியிருக்காது.

இத்தாலியனைத் தமிழர் கேட்கும்போது சில இடங்களிற் சொந்த வீட்டுக்குள் நுழைவது போன்ற உணர்வு ஏற்படுகிறது. முதலாவது, இரட்டித்து வரும் மெய்கள். 'இலை' வேறு, 'இல்லை' வேறு. 'படம்' வேறு, 'பட்டம்' வேறு என்று நாம் பிறந்ததிலிருந்து பழகியிருக்கிறோம். ஆங்கிலேயர் இத்தாலியன் படிக்கும்போது பெரிதும் தடுமாறும் இடம் இது. நமக்குக் காதிலேயே இருக்கிறது. நான் நொன்னோவில் வழுக்கியது கையெழுத்துப் பிழையேயொழிய காதின் பிழையன்று. என் பேத்தியோ, தமிழில் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவள், 'அம்மப்பா' என்பதை அந்த இரண்டு இரட்டிப்புகளும் கெடாமல் அட்சர சுத்தமாகச் சொல்வாள். அவளுடைய இத்தாலியன் அவளுக்கு அதைக் கொடுத்திருக்கிறது.

இரண்டாவது, சொற்கள். 1505 இல் நமது கரைக்கு வந்த போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள் இத்தாலியனுக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள். இரண்டுக்கும் தாய் இலத்தீன். நமது குசினி அங்கே குச்சீனா. நமது விசுக்கோத்து அங்கே பிஸ்கொத்தோ. பாண் என்பது பானே. சாவி என்பது கியாவே. அலுமாரி என்பது அர்மாதியோ. நான் குறிப்பெழுதிய பேனாகூட அங்கே பென்னா. யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருத்தி சிசிலியின் சமையலறையில் நின்றால் பாதிப் பொருள்களைக் கேட்டு வாங்கிவிடுவாள்.

'மொன்தல்பானோ சோனோ'

இனித் தொடரின் மொழிக்கு வருவோம். கதாநாயகன் தொலைபேசியை எடுத்ததும் தன்னை அறிமுகப்படுத்தும் வாக்கியம் இத்தாலி முழுவதும் பிரசித்தம். 'மொன்தல்பானோ சோனோ' என்பார். 'சோனோ' என்பது 'இருக்கிறேன்' என்ற வினை. பாடப்புத்தக இத்தாலியனில் வினை முன்னால் வந்து 'சோனோ மொன்தல்பானோ' என்று இருக்க வேண்டும். சிசிலியர் அதைத் தூக்கிக் கடைசியில் வைக்கிறார்கள். 'ஸ்தாங்கோ சோனோ' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் 'களைப்பாய் இருக்கிறேன்' என்பதுதான். வினையைக் கடைசியில் வைப்பது நமக்கு இயல்பு. பாடப்புத்தகத்தோடு ஆறு மாதம் மல்லுக்கட்டிய எனக்கு, ஒரு பொலிஸ்காரர் நமது ஒழுங்கிலேயே பேசக் கேட்டதும் எழுந்து கைகுலுக்க வேண்டும் போலிருந்தது. எனினும் ஓர் எச்சரிக்கை. சிசிலியில் இது எப்போதும் வரும் விதியன்று. எந்தச் சொல்லை அழுத்த விரும்புகிறார்களோ அதை முன்னே தள்ளும் வழக்கமே இது.

இறந்தகாலத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. இப்போதுதான் நடந்த ஒன்றைச் சொல்ல ஒரு வடிவம், எப்போதோ நடந்து முடிந்ததற்கு வேறொரு வடிவம் என்று பாடப்புத்தகம் பிரிக்கிறது. வட இத்தாலியர் பேச்சில் முதலாவதையே எல்லாவற்றுக்கும் வழங்குகிறார்கள். சிசிலியர் நேர்மாறு. ஒரு நிமிடத்துக்கு முன் கதவு தட்டப்பட்டாலும் 'கே ஃபூ?' என்று பழங்காலத்து வடிவத்திற் கேட்பார்கள். 'என்ன நடந்தது?' என்பதே பொருள். தொடரைப் பார்த்து மொழி படிப்பவர் மிலான் நகரத்துக் கடையிற் போய் அப்படிக் கேட்டால், கடைக்காரர் அவர் எந்த ஊரில் மொழி படித்தவர் என்பதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஆங்கில எழுத்துவரி முழுவதுமாக அழித்துவிடுகின்ற ஒன்று மரியாதைப் பேச்சு. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல். நமக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. அங்கேயும் 'தூ' என்பது நீ. 'லேய்' என்பது நீங்கள். தெற்கில் 'வோய்' என்பதும் பழைய மரியாதைக்கு உண்டு. முசோலினியின் அரசு 1938 இல் 'லேய்' என்பதைத் தடைசெய்து, எல்லோரும் 'வோய்' என்றே அழைக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. ஆட்சி போனது, கட்டளையும் போனது. இவற்றுக்கு மேலே, சிசிலியில் மூத்தோரை விளிக்கும் 'வொஸ்ஸியா' என்ற தனிச்சொல்லும் இருக்கிறது.

இந்தப் படிகளைக் கவனித்தால் பொலிஸ் நிலையத்தின் முழு உறவுமுறையும் விளங்கிவிடும். மொன்தல்பானோ தமது உதவியாளர் ஃபாட்சியோவை 'நீ' என்கிறார். ஃபாட்சியோ அவரை 'நீங்கள்' என்பதோடு 'தொத்தோரே' என்றும் அழைக்கிறார். பட்டதாரிகள் எவரையும் இப்படி அழைப்பது இத்தாலிய வழக்கம். வைத்தியராக இருக்க வேண்டியதில்லை. துணை அதிகாரி மிமீ அவுஜெல்லோ நண்பரானபடியால் இருவரும் ஒருவரையொருவர் 'நீ' என்கிறார்கள். கோபம் வந்த நாளில் மட்டும் பேச்சின் குளிர் தெரிகிறது. சமையற்காரி அதெலீனாவின் வாயில் வருவது 'வொஸ்ஸியா'. விசாரணையின் நடுவில் ஒருவர் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்று இறங்கினால், அங்கே ஏதோ உடைந்துவிட்டது என்று பொருள். தமிழ் நேயருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமது ஊர்ச் சண்டைகள் 'நீர்' என்ற ஒரு சொல்லிலேயே ஆரம்பிக்கின்றன.

அழைக்கும்போது பெயரின் வால் மறைவதும் எனக்குப் பிடித்த இலக்கணம். கத்தரெல்லா என்ற பெயர் கூப்பிடும்போது 'கத்தரே!' ஆகிறது. முருகன் 'முருகா' ஆவதுபோல, அங்கேயும் ஓர் எட்டாம் வேற்றுமை நடமாடுகிறது.

கத்தரெல்லா யார்?

நேயர்களே, இந்தக் கத்தரெல்லாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பொலிஸ் நிலையத்தின் தொலைபேசியில் இருப்பவர். நடித்தவர் ஆஞ்செலோ ரூஸ்ஸோ. அழைத்தவரின் பெயரை ஒருபோதும் சரியாகச் சொல்லமாட்டார். கதவைத் திறந்தால் சுவரில் மோதும்படி திறப்பார். அவருடைய பேச்சு சிசிலிப் பேச்சும் அன்று, இத்தாலியனும் அன்று. அலுவலகக் கடிதங்களிலும் அறிக்கைகளிலும் கேட்ட பெரிய சொற்களைப் பிடித்து, அவற்றைத் தமது வீட்டுப் பேச்சோடு ஒட்டிக் கதைக்கிறார். நேரில் வந்திருக்கிறார் என்று சொல்ல 'ஆளாகவே ஆள்ரீதியாக' என்பது போன்ற ஒரு சொற்கூட்டை வைத்திருக்கிறார்.

முதலில் நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். மூன்றாவது படத்தின்போது சிரிப்பு நின்றது. அந்த மனிதர் செய்வது என்ன? தம்முடையதல்லாத ஓர் உத்தியோக மொழியை, அது உயர்ந்தது என்று நம்பி, முழு மனதோடு பேச முயல்கிறார். 'உன் ஒன்பதாவது' என்று கையொப்பமிட்ட நானும் அதைத்தானே செய்தேன்? கமில்லேரி இந்தப் பாத்திரத்தை வெறும் கோமாளியாக விட்டுவிடவில்லை. கணினியைத் தொட்டால் அந்த நிலையத்தில் அவருக்கு நிகர் எவரும் இல்லை. மொன்தல்பானோ எரிச்சலடைவார், ஆனால் அவரைக் கைவிடமாட்டார்.

கரைச்சலும் தொல்லையும்

தொடரைப் பார்த்த துணிவில் மூல நாவல்களுக்குப் போனேன். அங்கேதான் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. தொலைக்காட்சியிற் பெரும்பாலும் சிசிலி ஓசையுடன் கூடிய இத்தாலியனே கேட்கிறது. நூல்களிலோ உரையாடல் மட்டுமன்றி ஆசிரியர் கூற்றும் கலப்பு மொழியிலேயே இருக்கிறது. அகராதியில் 'ஸ்பியாரே' என்றால் உளவு பார்த்தல். கமில்லேரியின் பக்கங்களிலோ அது 'கேட்டல், வினாவுதல்' என்ற சிசிலிப் பொருளில் வருகிறது. ஒரு முழு அத்தியாயத்தில் எல்லோரும் எல்லோரையும் உளவு பார்க்கிறார்கள் என்று நினைத்து நான் மிகவும் குழம்பிப்போனேன். பார்த்தல் என்பதற்கு 'தலியாரே' என்ற சொல். எள்ளுக்கு 'ஜுஜ்ஜுலேனா' என்பார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை சிசிலியை ஆண்ட அரபியர் விட்டுப்போன சொல் அது. நல்லெண்ணெயைக் குறிக்க ஆங்கிலத்தில் நாம் வழங்கும் ஜிஞ்சலி என்ற சொல்லுக்கும் அதே அரபுச் சொல்லே மூலம்.

இந்த மொழிக்காகக் கமில்லேரி பட்ட பாடு கொஞ்சமன்று. அவரது முதல் நாவல் 1967 - 68 காலப்பகுதியில் எழுதப்பட்டது. பதிப்பகங்கள் திருப்பியனுப்ப, பத்தாண்டு காத்திருந்து 1978 இல்தான் அச்சேறியது. மரணப்படுக்கையில் இருந்த தந்தையாருக்கு அந்தக் கதையை அவர் வாயாற் சொன்னாராம். எனக்குச் சொன்னமாதிரியே எழுது என்று தந்தையார் வாக்கு வாங்கினாராம். 1980 இல் வந்த இரண்டாவது நாவலுக்கு அருஞ்சொற்பட்டியல் வேண்டுமென்று பதிப்பாளர் கேட்டார். பின்னாளில், பட்டியலெதுவுமின்றியே மிலானிலும் தூரினிலும் உள்ள வாசகர்கள் அவரைப் படித்தார்கள். சொல் முதலில் விளங்காவிட்டாலும் அதன் இடமும் ஓசையும் பொருளைத் தந்தன. கடைசி மொன்தல்பானோ நாவலை 2005 இல் எழுதிப் பதிப்பகத்திடம் ஒப்படைத்துவிட்டு, 2016 இல் அதன் மொழியை மட்டும் மறுபடி திருத்தினார். அவர் மறைந்த பின் 2020 இல் அந்நூல் வெளிவந்தபோது, இரண்டு வடிவங்களையும் சேர்த்தே ஒரு பதிப்பும் வந்தது. கதையைவிட மொழியே அவருக்கு முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கமில்லேரியின் அயலூரிற் பிறந்த மாபெரும் நாடகாசிரியர் பிரந்தெல்லோ இதுபற்றி ஒரு கருத்துச் சொல்லியிருக்கிறார். ஒரு பொருளின் கருத்தைச் சொல்வது பொதுமொழி; அதே பொருளின் உணர்வைச் சொல்வது ஊர்ப்பேச்சு என்பது அதன் சாரம். இதை வாசித்தபோது தலையாட்டினேன். ஆனால் உள்ளே இறங்கியது வேறொரு நாளில். மொன்தல்பானோ அடிக்கடி 'கே கமுர்ரீயா!' என்று அலுத்துக்கொள்வார். அகராதி 'தொல்லை' என்றது. என் காதோ 'என்ன கரைச்சலப்பா இது!' என்றது. தொல்லை என்பது கருத்து. கரைச்சல் என்பதில் அலுப்பும் இருக்கிறது, வீடும் இருக்கிறது, அலுத்துக்கொள்பவர்மேல் நமக்கு ஓர் இரக்கமும் இருக்கிறது.

கொப்பியில் அந்தச் சொல்லை எழுதியபோது எனக்கு ஒரு பழைய கொப்பி நினைவுக்கு வந்தது. 1980களின் தொடக்கத்தில், இளம் ஆசிரியனாக ஒரு கரையோரக் கிராமத்துப் பாடசாலையிற் படிப்பித்தேன். 'எனது குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன், அப்பா கடலுக்குப் போனாற் காற்றுத் திரும்பும்வரை அம்மாவுக்கு ஒரே கரைச்சல் என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையாற் கோடிட்டு, 'தந்தையார் கடற்றொழிலுக்குச் செல்லும்போது அன்னையார் கவலையுறுவார்' என்று திருத்தினேன். 'பேச்சு வழக்கைத் தவிர்க்க' என்று ஓரத்தில் எழுதியும் வைத்தேன். அதன் பின்னர் அவன் பிழையில்லாத கட்டுரைகளே எழுதினான். பாடப்புத்தக வாக்கியங்கள். அவற்றில் அப்பாவும் இல்லை, காற்றும் இல்லை. நல்ல முன்னேற்றம் என்று புள்ளி போட்டவனும் நான்தான்.

1960களின் முற்பகுதியில் நமது நாட்டு இலக்கிய உலகில் நடந்த மரபுப் போராட்டத்தை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சிறுகதையிலும் நாவலிலும் சாதாரண மக்களின் பேச்சு வரலாமா, அது இழிசனர் வழக்கல்லவா என்று பெரும் விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில் எழுத்தாளர் பக்கமே நியாயம் என்று நான் வகுப்பிற் பாடம் நடத்தியிருக்கிறேன். மேசையில் இருந்த கொப்பியிலோ எதிர்ப்பக்கத்துக்காகச் சிவப்பு மை ஓடிக்கொண்டிருந்தது. தேர்வுக்கு எழுதும் மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியது ஆசிரியர் கடமை. அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அந்த மொழியைப் பக்கத்தில் எழுதிக்காட்டியிருக்கலாம். அவனுடைய சொல்லின்மேல் கோடு போட்டிருக்கத் தேவையில்லை.

கடற்கரையில் இருவர்

தொடரில் முதன்முதலாக ஒளிபரப்பப்பட்ட படம் 'தின்பண்டத் திருடன்' என்ற பொருள்படும் கதை. நாவல் 1996 இல் வந்தது. துனீசியாவிலிருந்து வந்து சிசிலி வீடுகளில் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண் காணாமற்போகிறாள். அவளுடைய சின்ன மகன் ஒளிந்து திரிந்து, பசி தாங்காமல், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் தின்பண்டங்களைப் பறிக்கிறான். கொலை விசாரணையாகத் தொடங்கிய கதை, இந்தப் பிள்ளையிடம் வந்ததும் வேறாகிவிடுகிறது. வீட்டு வேலைக்குப் போகும் தாயும் வீட்டிற் காத்திருக்கும் பிள்ளையும் என் குடும்பத்திலும் இருப்பதால், அதை நான் மனம் பதறாமல் பார்க்க முடியவில்லை.

நாவலில் ஓர் இடம். சிறுவன் ஓடிவிடுகிறான். மொன்தல்பானோ கடற்கரையில் அவனைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் அமர்கிறார். தாமும் சிறுவயதிலே தாயை இழந்தவர் என்பதை அவனிடம் சொல்கிறார். அவர் பேசுவது சிசிலிப் பேச்சில். சிறுவன் பேசுவது அரபியில். இருவருக்கும் எல்லாம் நன்றாக விளங்கியது என்று கமில்லேரி எழுதிச் செல்கிறார். எப்படி விளங்கியது என்று அவர் விளக்கவில்லை. பொது இத்தாலியனிற் பேசவைத்திருந்தால் அந்த இடம் பொய்யாகியிருக்கும். பொலிஸ் அதிகாரி தமது உத்தியோக மொழியைக் கழற்றிவைத்துவிட்டுத் தாயிடம் கேட்ட பேச்சுக்குத் திரும்பியதனாலேயே அந்தப் பிள்ளை அவரை நம்புகிறது.

இதை வாசித்த பின்னர்தான் என் தொலைபேசிப் பேச்சில் இருந்த பிழை எனக்குப் பிடிபட்டது. பேத்தியிடம் நான் பேசிவந்த தமிழ் எது? 'நலமாக இருக்கிறாயா? கல்வியிற் கவனம் செலுத்துகிறாயா?' பிள்ளை தமிழ் படிக்கட்டும் என்று செந்தமிழ் பேசினேன். தாய் குசினிக்குள் நின்று பேசும் தமிழைத்தான் அந்தப் பிள்ளை அறியும். தாத்தாவின் தமிழ் அவளுக்கு வானொலிச் செய்தி போலிருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி வந்தது. "என்ன சாப்பிட்டனி, குஞ்சு?" என்று கேட்டேன். அவள் ஒரு கணம் பேசாமல் இருந்தாள். பிறகு படபடவென்று இத்தாலியன் கொட்டியது. 'அரஞ்சீனா' என்ற சொல் காதில் விழுந்தது. சோற்றை உருண்டையாக்கி உள்ளே இறைச்சி வைத்துப் பொரித்த பண்டம் அது. தொடரிற் கேட்டபடி நான் 'அரஞ்சீனோ' என்றேன். 'அரஞ்சீனா, அம்மப்பா, அரஞ்சீனா!' என்று அவள் திருத்தினாள். பலெர்மோவில் அது பெண்பால், தீவின் கிழக்கில் ஆண்பால். சோற்றுருண்டையின் பால் குறித்துச் சிசிலியர் இன்றுவரை ஓயாமல் வாதிடுகிறார்கள். பேசி முடிந்ததும் 'அமுனீ!' என்று கத்திக்கொண்டு விளையாட ஓடினாள். போவோம் என்பதற்குப் பலெர்மோத் தெருவில் வழங்கும் சொல் அது.

"றோட்டுப் பேச்சுப் பேசாதை, ஒழுங்கான இத்தாலியன் கதை" என்று மகள் அதட்டியது எனக்குக் கேட்டது. பள்ளியிற் பிள்ளைக்குப் புள்ளி குறைந்துவிடும் என்ற பயம் அவளுக்கு. அந்தக் குரல் எனக்கு நன்கு பழக்கமான குரல்.

"பிள்ளையைத் திருத்தாதை, அம்மா" என்றேன். "பள்ளிக்கூடத்து மொழியைப் பள்ளிக்கூடம் படிப்பிக்கும். அவள் இப்ப சொன்ன சொல்லு எனக்கு வேணும். கொப்பியிலை எழுதப்போறன்."

மகள் சிரித்தாள். அவள் சிறுமியாக இருந்தபோது எத்தனை சொற்களை நான் திருத்தினேன் என்பதை நினைவூட்டவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை.

நேயர்களே, பிறமொழி படிக்க விரும்புவோருக்கு ஒரு நல்ல தொடரைப் பாருங்கள் என்று இன்று பலரும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் யார் யாரிடம் எந்தப் பேச்சிற் பேசுகிறார்கள், எப்போது ஒரு பேச்சை விட்டு மற்றதற்கு மாறுகிறார்கள் என்பதைத் துப்பறிவாளரைப் போலக் கவனித்துப் பாருங்கள். குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வேலையை மொன்தல்பானோ பார்த்துக்கொள்வார். என் விசாரணையில் அகப்பட்டவர் சிவப்பு மைப் பேனாவுடன் இருந்த ஓர் ஆசிரியர்.

மறுபடி ஒரு பிறந்தநாள் வருகிறது. பேத்திக்கு ஒன்பது வயது. இந்த முறை மடலில் 'உன் நோனோ' என்றே வேண்டுமென்று எழுதி அனுப்பப்போகிறேன். ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அது பொருத்தமாகவே இருக்கும். அவள் திருத்தட்டும்.